எந்த வீடு, அம்மா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது ஒன்பதாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில். பாடமாக்கியது பாதியில் மறந்துபோய், நடுவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். அதனால் இன்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

செயலாளர் என்னை அழைத்தபோது, "டொக்டர்தானே, நீரிழிவைப் பற்றிப் பேசுங்கோ, எல்லாருக்கும் பிரயோசனமாக இருக்கும்" என்றார். நீரிழிவைப் பற்றி மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் என்னிடம் கேட்கலாம். பாயாசம் பரிமாறும் முன் கேட்டால் இன்னும் நல்லது. இந்த மேடையில் என் மகள் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அது எனக்கு மட்டும் வந்த கேள்வி அல்ல என்று நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு அவளுக்கு ஏழு வயது. இலண்டனில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுவேலை கொடுத்தார்கள். 'எனது வீடு' என்ற தலைப்பில் ஒரு படம் கீறி, கீழே நான்கு வசனம் எழுத வேண்டும். நான் சிகிச்சை நிலையத்திலிருந்து களைத்து வந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள், "அம்மா, நான் எந்த வீட்டைக் கீறுறது?"

"உனக்கு எத்தனை வீடு இருக்கு?" என்றேன், கொஞ்சம் சினத்தோடு.

அவள் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினாள். "நீங்கள் வேலை முடிஞ்சு அப்பாவுக்குப் போன் எடுத்து 'வீட்டை வாறன்' எண்டு சொல்லுவீங்கள். அது இந்த வீடு. அம்மம்மாவோட கதைக்கேக்க 'ஓகஸ்டில வீட்டை வாறம்' எண்டு சொல்லுவீங்கள். அது எந்த வீடு?"

"அது யாழ்ப்பாணத்தில..."

"அது சின்ன அம்மம்மாட வீடெல்லோ?"

அவள் சொன்னது சரி. என் அம்மா இப்போது கோண்டாவிலில் சின்னம்மாவோடு இருக்கிறார். அந்த வீட்டில் நான் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. பிறகு எந்த வீட்டை நினைத்து இத்தனை வருடமாக 'வீட்டை வாறம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்? எனக்குப் பதில் வரவில்லை. "இந்த வீட்டையே கீறு" என்றேன். மண்ணிறக் கதவும் இலக்கமும் வைத்துக் கீறிக்கொண்டு போனாள். ஆசிரியை ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

தொழில்முறையில் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. என்னிடம் வருகிறவர்களில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்களுக்கு இப்போது முதுமை. மறதிநோய் வந்தால் பிந்திப் படித்த ஆங்கிலம்தான் பெரும்பாலும் முந்திக் கழன்று போகிறது. மாலை மங்கும் நேரத்தில், முப்பது வருடம் குடியிருந்த சொந்த வீட்டின் கதிரையில் இருந்துகொண்டே, "என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கேட்பார்கள். பிள்ளைகள் உடைந்துபோய் என்னிடம் வருவார்கள். "இதுதான் வீடு எண்டு எத்தனை தரம் சொன்னாலும் அவவுக்கு விளங்குதில்லை, டொக்டர்." தர்க்கம் பண்ண வேண்டாம் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொடுப்போம். "அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா, முற்றத்தில என்ன மரம் நிண்டது எண்டு கேளுங்கோ. கேட்டால் கொஞ்சம் ஆறுதலாவா."

வீட்டு நினைவை ஒரு காலத்தில் வைத்தியர்கள் நோயாகவே எழுதிவைத்தார்கள். 1688இல் பாசல் நகரத்தில் யோகான்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில், ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கத்துக்கு 'நொஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். திரும்பிப் போதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் செய்த பெயர் அது.

இவ்வளவும் தெரிந்த நான், நோயாளிகளின் பிள்ளைகளுக்குச் சொன்னதை என் சொந்தப் பிள்ளைக்குச் செய்யவில்லை. அவளிடம் ஒன்றும் கேட்காமல் 'இதுதான் வீடு' என்று முடித்துவிட்டேன். ஒரு கிழமை கழித்துத்தான் கேட்டேன், "வீடெண்டால் என்னெண்டு நீ நினைக்கிறாய்?"

"என்ர பிரஷ் இருக்கிற இடம்" என்றாள். பல் துலக்கும் பிரஷ். விடுமுறைக்குப் போகும்போதும் பிரஷ் கொண்டு போகிறோமே என்றேன். "அது வேற பிரஷ் அம்மா. வீட்டுப் பிரஷ் வீட்டிலதான் நிக்கும்." பிறகு கேட்டாள், "நீங்கள் சின்னப் பிள்ளையாய் இருக்கேக்க உங்கட பிரஷ் எங்க நிண்டது?"

அன்றிரவுதான் நான் அவளுக்கு முதன்முறையாகக் கணக்குச் சொன்னேன். 1990 ஆனியில் எனக்கு ஒன்பது வயது. காங்கேசன்துறைக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். நான்கு நாளில் திரும்பலாம் என்றுதான் அப்பா சொன்னார். அன்று தொடக்கம் நான் பல்கலைக்கழகம் போகும்வரை ஒன்பது வீடுகளில் இருந்தோம். உறவினர் வீடு, வாடகை வீடு, யாரோ தந்த ஒற்றை அறை, ஒருமுறை ஒரு கொட்டில். ஒன்பது இடத்துக்கும் பிரஷ் கூடவே வந்ததா என்று நினைவில்லை. வேப்பங்குச்சியால் பல் தீட்டிய நாட்கள் நினைவிருக்கின்றன. மகள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "மரத்தை உடைச்சா பல்லுத் தீட்டினீங்கள்?"

அந்த ஒன்பது வீட்டுக்கும் நடுவில் மாறாமல் நின்றது இந்தக் கல்லூரிதான். 1991 தையில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். எட்டாம் வகுப்பில் தமிழ் ரீச்சர் முதனிலை திரிந்த தொழிற்பெயர் படிப்பித்த நாள் எனக்கு நல்ல நினைவு. கரும்பலகையில் எழுதினார்: கெடு – கேடு, சுடு – சூடு, விடு – வீடு. நான் கையை உயர்த்தி, "ரீச்சர், விடுறதில இருந்தோ வீடு வந்தது?" என்று கேட்டேன். "ஓம் பிள்ளை, விடு எண்ட வினையில இருந்துதான்" என்றார். வீட்டை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் அந்த வகுப்பில் பதினைந்து பேராவது இருந்தோம். ரீச்சருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்றார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை இந்த மண்டபத்தில் எனக்கு மூத்தவர்களுக்கும் என் வயதினருக்கும் நான் விபரிக்கத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே தெருவில் நடந்தது. தென்மராட்சியில், வேறொரு பாடசாலையின் மாமரத்தின் கீழ், பின்னேரங்களில் எங்கள் கல்லூரி மறுபடி தொடங்கியது. முதல் நாள் எங்கள் வகுப்பாசிரியை தோள்பையைத் திறந்து வரவு இடாப்பை எடுத்தார். அந்த இரவில் வீட்டிலிருந்து எதை எடுத்தாரோ தெரியாது, எங்கள் இடாப்பை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒழுங்காகப் பெயர் கூப்பிட்டார். சிலர் "பிரசன்ற் ரீச்சர்" என்றோம். பல பெயர்களுக்குப் பதில் வரவில்லை. வன்னிக்குப் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், எங்கே என்று தெரியாதவர்கள். ரீச்சர் ஒரு பெயரையும் வெட்டவில்லை. அடுத்த நாளும் எல்லாப் பெயரையும் கூப்பிட்டார்.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப முதலாவது வீடு இப்பவும் இருக்கோ?"

அந்த வீட்டின் காணியைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. நான்கு பரப்பு. அம்மம்மாவின் அம்மாவுக்குச் சீதனமாக வந்து, பிறகு அம்மாவுக்கு வந்து, என் திருமணத்தின்போது என் பெயருக்கு எழுதப்பட்டது. தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போகும் என்பது, ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையிலேயே உள்ள வழக்கம். சீதனம் நம் பெண்களை எவ்வளவு வாட்டியது என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே வழக்கத்தால்தான் நம் ஊர்களில் வீடு என்பது பெரும்பாலும் அம்மாமாரின் வழியே வந்த ஒன்றாக இருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பகுதிக்குள் யாரும் போக முடியவில்லை. விடுவிக்கப்பட்ட பிறகு, வாங்குவதற்கு ஒருவர் வந்தார். நல்ல விலை. நான் இலண்டனில், கணவர் இலண்டனில், மகளுக்குத் தமிழ் எழுதவே தடுமாற்றம். யாருக்காக வைத்திருப்பது? ஓகஸ்டில் வந்து அற்றோணித்தத்துவத்தில் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தேன்.

அதற்கு முதல் ஒருதரம் மகளுக்குக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். 1990இல் நின்றுபோன ரயில் 2015 ஜனவரியிலிருந்து மறுபடியும் காங்கேசன்துறை வரை ஓடுகிறது. அம்மா, நான், மகள் மூவரும் அதில் போனோம். அம்மா முந்தி ஒருதரம் வந்தவர். காணி விடுபட்ட காலத்தில் சின்னம்மாவோடு வந்து, தெருவில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே கால் வைக்காமல் திரும்பியவர். அன்றும் ஓட்டோவால் இறங்கித் தெருவோரத்திலேயே நின்றுகொண்டார்.

வீடு இல்லை. கூரை இல்லை, சுவர் இல்லை, நிலைக்கதவு இல்லை. பற்றைக்குள் அத்திவாரக் கல் கொஞ்சம் தெரிந்தது. கிணறு மட்டும் இருந்தது. அங்கே திரும்பிப் போன பலர் தங்கள் காணியைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். எங்கள் கிணற்றுக்கட்டில், அப்பா ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறிய '1976' அப்படியே இருந்தது.

எனக்குத் தொண்டை அடைத்தது. மகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரு தடியை எடுத்துக்கொண்டு, "கதவு எங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. உண்மையில் தெரியவில்லை. ஒன்பது வயதுவரை ஓடித் திரிந்த வீட்டின் வாசல் எங்கே இருந்தது என்று என்னால் காட்ட முடியவில்லை. தெருவிலிருந்து அம்மாதான் சொன்னார், "உதில இல்லைக் குஞ்சு. இன்னும் கொஞ்சம் கிழக்காலை."

"இதிலயோ?"

"ஓம், அதிலதான் படி."

மகள் தடியால் மண்ணில் ஒரு கோடு கீறினாள். பிறகு கோட்டுக்கு வெளியே செருப்பு இரண்டையும் கழட்டிச் சோடியாக வைத்துவிட்டு, உள்ளே கால் வைத்தாள்.

"ஐயோ பிள்ளை, நெருஞ்சி முள்ளு! செருப்பைப் போடு!" என்று அம்மா கத்தினார்.

"அம்மம்மா, நீங்கள்தானே சொன்னனீங்கள், வீட்டுக்குள்ள செருப்போட வரக்கூடாது எண்டு!"

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்குவதற்காக வேகமாக வந்தவர், அந்தக் கோட்டில் ஒரு கணம் நின்று, தன் செருப்பையும் கழட்டிவிட்டு உள்ளே வந்தார். பிறகு நானும். என் இருபது வருட வைத்தியப் படிப்பு அன்று அம்மாவின் சேலைப் பின்னால் மூன்று பேரின் காலிலும் முள் எடுக்கத்தான் உதவியது.

அதன் பிறகு மகள் கேட்கக் கேட்க, அம்மா அறை அறையாக நடந்தார். இது விறாந்தை, அப்பப்பா வந்தால் சாய்மனைக் கதிரை போடுகிற இடம். இது சாமியறை. இது நாங்கள் படுத்த அறை. நான் கேட்டிராத கதைகள் எல்லாம் வந்தன. முப்பத்தைந்து வருடமாக நான் அம்மாவிடம் அந்த வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அழுவார் என்ற பயம். நோயாளிகளின் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் மருந்தை என் அம்மாவுக்கே கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

குசினி மூலைக்கு வந்ததும் அம்மா நின்றார். "அண்டைக்கு உலை வைச்சனான். அரிசி களைஞ்சு வைச்சிருந்தது. ஷெல் கிட்ட விழ, உங்களைப் பிடிச்சுக்கொண்டு ஓடின நாங்கள். அடுப்பை அணைச்சனானோ இல்லையோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது" என்றார். இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அப்பாவுக்கும் சொன்னதில்லை என்று பிறகு சொன்னார்.

மகள் அந்த மூலையில் குந்தியிருந்து, புல்லை விலக்கி, கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "அணைஞ்சு போச்சு அம்மம்மா. நான் பாத்தனான்" என்றாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அந்தப் பயணத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. இதைப் பெரிய தீர்மானமாகச் சொல்ல வரவில்லை. கிணற்றை இறைப்பித்தோம். வேலி அடைத்துப் படலை ஒன்று போட்டோம். வாங்க வந்தவரிடம் இப்போதைக்கு இல்லை என்றேன். பிறகு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. காணியை விற்றவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். பிள்ளையின் படிப்புக்கு, பெற்றோரின் வைத்தியத்துக்கு, வேறு வழியில்லாமல் விற்றவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: விற்பதானாலும் அதற்கு முதல் ஒருதரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் அம்மா இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். பிள்ளை கேட்கட்டும். கதவு எங்கே, எங்கே படுத்தீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று பிள்ளைகள் கேட்பதற்கு நமக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. பதில் தெரிந்தவர்கள் நம்மோடு இருப்பது இன்னும் எத்தனை வருடமோ. போக முடியாதவர்கள் ஒரு தாளை எடுத்து, தாயும் பிள்ளையுமாக அந்த வீட்டின் நிலப்படத்தைக் கீறுங்கள். கிணற்றில் தொடங்கினால் சுலபம்.

அடுத்த நாள் மகளை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். விடுமுறை நாள். வாசலில் காவலாளி ஐயாவிடம், "நான் இங்க படிச்சனான், பிள்ளைக்கு ஒருக்காக் காட்டலாமோ?" என்று தயங்கிக்கொண்டு கேட்டேன். "உங்கட பள்ளிக்கூடத்துக்கு வர நீங்கள் என்னட்டக் கேக்கிறதோ? வாங்கோ" என்று படலையை அகலத் திறந்தார். மகள் என் கையைச் சுரண்டினாள். "அம்மா, இங்கயும் செருப்புக் கழட்ட வேணுமோ?"

அவளுக்கு எங்கள் எட்டாம் வகுப்பறையைக் காட்டினேன். கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைப்பலகை. அதில் எட்டித் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். ஓர் எழுத்துப் பிழை. நான் திருத்தவில்லை. அதைப் பார்த்த எந்த ரீச்சராவது திருத்தியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இலண்டன் திரும்பியதும் அவள் தானாக ஒரு படம் கீறினாள். வீடு இல்லை. ஒரு கிணறு, ஒரு கோடு, கோட்டுக்கு வெளியே மூன்று சோடிச் செருப்பு. பெரியது இரண்டு, சின்னது ஒன்று. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம். இப்போதும் நான் இரண்டு இடத்தையும் 'வீடு' என்றுதான் சொல்கிறேன். அவள் இப்போது எந்த வீடு என்று கேட்பதில்லை. 'கிணத்து வீடு', 'பிரஷ் வீடு' என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள்.

இந்த நூற்றாண்டு மலரின் கடைசிப் பக்கங்களில் உறுப்பினர் பெயர்கள் அச்சாகும் என்று செயலாளர் சொன்னார். யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு, சென்னை, இலண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண், ஒஸ்லோ என்று எங்கெங்கோ இருக்கிறோம். அவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முகவரி தெரியாதவர்களின் பெயர்களையும் வெட்டாமல் போடுங்கள். மாமரத்தின் கீழ் எங்கள் ரீச்சர் அப்படித்தான் கூப்பிட்டார். அன்று பதில் சொல்லாமல் போனவர்களில் இருவரை இன்று காலை இந்த மண்டப வாசலில் கண்டேன்.

ரீச்சர் இப்போது நம்மிடையே இல்லை. அவருடைய இடாப்பில் என் இலக்கம் இருபத்துமூன்று. பிரசன்ற், ரீச்சர்.